கும்பாங் படுத்த வயல்

மாலின் சாத்தி என்பவரின் நாய் கும்பாங், வயலில் குருவி விரட்டும் மூங்கில் தட்டையின் சத்தம் கேட்டால் தானும் படுத்துத் தன் நிழலையும் படுக்க வைக்கும். சரி, நிழல் நான் கூட்டிச் சொன்னது. நாய் படுத்தது சத்தியம்.

மினாங்கபாவ் மக்களின் ஊரில் வீடு பெண்டாட்டியுடையது. புருஷன், எரிந்த கட்டைமேல் ஒட்டிய சாம்பல், ஊதினால் போச்சு. அந்த லட்சணத்தில் கும்பாங் பக்கத்து வீட்டு ஆட்டின் காதைக் கடித்து வைத்தது. மனைவி நூர்பாய்த்தியின் அண்ணன் படியில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

"இன்னொரு தடவை ஆட்டைத் துரத்தினா, மாப்பிள்ளை, நாயும் நீங்களும் சேர்ந்தே உங்கம்மா வீட்டுக்குப் போயிடுங்க."

"பன்னி வேட்டைக்கு அது வேணுமே, மச்சான்."

"ஆடு வேற, பன்னி வேறன்னு மொதல்ல அதுக்குச் சொல்லிக் குடுங்க."

சாத்தி அன்றிலிருந்து காப்பிக்கடைப் பக்கம் போகவில்லை. கயிற்றைக் கடித்து அறுக்கிற நாய்க்குக் கயிற்றின் நடுவே மூங்கில் குழாய் கோத்தார். பால் டின்னில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினார். விளையாட்டென்று நினைத்து அது குதித்தது. கடைசியில், மனைவியின் வயலில் சிட்டு விரட்டக் கட்டிய தட்டைகளில் மிஞ்சிய மூங்கிலைப் பிளந்து, கையால் ஆட்டும் தட்டை ஒன்று செய்தார். தட்டினால் படு, படுத்தால் கருவாடு. கதிர் முற்றுவதற்குள் பாடம் ஏறிவிட்டது. ஆட்டின் பின்னால் பாய்ந்த கும்பாங், சத்தம் கேட்டதும் சேற்றிலேயே வயிறு ஒட்டப் படுத்தது. மச்சானே சிகரெட் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டையில் பன்றி காட்டைவிட்டு நூர்பாய்த்தியின் வயலில் இறங்கியது. விரட்டி வந்தது கும்பாங் மட்டும். சாத்தி மூச்சிரைக்க வரப்பேறினார். காவல் குடிசையில் இருந்த நூர்பாய்த்தி, தட்டைகளைக் கோத்த கயிற்றை இழுத்தாள். வயல் முழுக்கத் தட்டைகள் கடகடத்தன. பன்றி மிரண்டு திரும்பியது. கும்பாங் படுத்தது. பன்றியின் கோரைப்பல் விலாவைக் கிழிக்கும்போதும் எழவில்லை. அவ்வளவு நல்ல படிப்பு.

அதன்பின் சாத்திக்குக் காப்பிக்கடையே வீடானது. "அவ இழுத்த கயிறுதான் என் நாயைக் கொன்னுச்சு. வந்த நாள்லேர்ந்தே அவளுக்கு அதைக் கண்டா ஆகாது" என்பதையே வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார்.

ஒருநாள் கடைக்கு வாழைப்பழ பஜ்ஜி கொடுக்க வந்த நூர்பாய்த்தி, கூடையை இறக்காமல் முழுவதையும் கேட்டாள்.

"இழுத்தது நான்தான். நாய் படுத்துடுமேன்னு மொதல்ல கயித்துலேர்ந்து கையை எடுத்துட்டேன். வரப்புல நின்னுக்கிட்டு 'இழுடி, இழுடி'ன்னு தொண்டை கிழியக் கத்தினது யாரு?"