பிரதமனுக்கு முந்திய ஊசி

அந்த வருஷம் நாஞ்சில் நாட்டில் மடையர்களுக்குப் பட்டம் சூட்டியிருந்தால் தலைப்பாகை எனக்குத்தான் வந்திருக்கும். நீரிழிவு (சிறுநீரில் சர்க்கரை இறங்கும் நோய்) கண்டவர்களே, உங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் தாகம் வந்தது. குடம் குடமாய்க் குடித்தும் நாக்கு ஒட்டியது. வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது. நாகர்கோவில் டாக்டர் என் சிறுநீரை நீல மருந்தோடு காய்ச்சினார். அது செங்கல் நிறமாயிற்று (சர்க்கரை மிகுதி என்று பொருள்).

"நல்ல நிறம்!" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஓய், பத்து வருஷம் முந்தி வந்திருந்தீருன்னா கைய விரிச்சிருப்பேன். இப்போ மருந்து வந்திருக்கு. ஊசி போட்டா உடனே சாப்பிடணும். மருந்து அளவைக் கூட்டப்பிடாது. இனிப்பைத் தொடப்பிடாது."

பிறகு கூட வந்திருந்த என் மனைவியிடம் திரும்பினார். "ஆனா இவரு வேர்த்து நடுங்கினா மட்டும் இனிப்புக் குடும்மா."

இன்சுலின் (உண்ட சர்க்கரையை உடம்பில் சேர்க்கும் மருந்து) இறங்கியதும் உயிர் திரும்பியது! வேட்டி நின்றது, நான் நிற்கவில்லை. தெருவெல்லாம் துள்ளினேன். நானே பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைப்பு.

இரணியலில் தங்கை மகள் கல்யாணம். அடைப்பிரதமன் (அரிசி அடையும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பாயசம்)! அதற்கும் சேர்த்து மருந்தைக் கூட்டிக் குத்திக்கொண்டு பந்தலுக்குப் பறந்தேன். நான் பெண்ணின் தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டார் உண்டு எழும்பாமல் எனக்கு இலை கிடையாது என்பது ஊசி போடும்போது நினைவில் இல்லை.

மாப்பிள்ளையின் சித்தப்பா, பப்படம் நொறுங்கியிருக்கிறதென்று இலையைவிட்டு எழும்பினார். கெஞ்சி உட்கார வைப்பது தாய்மாமன் பாடு. கெஞ்சினேன். கை நடுங்கியது, நெற்றியில் வேர்வை ஒழுகியது. என் பணிவைக் கண்டு அவர் இளகி உட்கார்ந்தார். நானும் அவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏலே, தாய்மாமன் கள்ளு குடிச்சிருக்கான்!" என்று பந்தியில் யாரோ கத்தினார்.

மனைவி ஒரு தம்ளரோடு ஓடி வந்தாள். "இது கள்ளு இல்ல, ஊசி!" என்று சொல்லி என் தாடையைப் பிடித்தாள். "முழுங்கும்! ம், முழுங்கும்!"

முழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் பந்தல் தலைகீழிலிருந்து நேரானது. டாக்டர் விலக்கிய பிரதமனே டாக்டர் சொன்னபடி என்னைக் காப்பாற்றியது.

இப்போது சோறு வடிக்கும் மணம் வந்த பிறகே ஊசியைத் தொடுகிறேன். என் உடம்புக்கு நான் எஜமான் என்றிருந்தேன். அது மணி அடிக்கிறது, நான் ஓடுகிறேன். ஓடுவதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது!

ஒரே குறை, அன்றைய பிரதமனின் ருசி நினைவில்லை. மனைவியிடமே கேட்டேன், எப்படி இருந்ததென்று.

"எனக்கு எப்படித் தெரியும்? என் பங்கையில்லா உம்ம வாயில ஊத்துனேன்."