மதகில் ஏறியவள்

சைமன்ராஜ் ரயில்வே செலக்‌ஷனுக்குப் போகவில்லை. முழங்கால் போய்விட்டது என்று வீட்டில் சொன்னான். அவன் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. நடந்தது வேறு. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கலாம். அதனால் நடந்தது நடக்காமல் போய்விடாது.

2001, தீபாவளி முடிந்த கையோடு பிடித்துக்கொண்ட அடைமழை. நெய்வேலி ரோடெல்லாம் கரிச்சேறு. ஜனவரியில் சென்னையில் ரயில்வே விளையாட்டுக் கோட்டாவுக்கு சைக்கிள் பந்தயம் வைத்து ஆள் எடுக்கிறார்கள். வயது வரம்புப்படி அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மார்ச்சில் அப்பா மைக்கேல் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். சொந்த வீடு கிடையாது. பயிற்சிக்காகவே சைமன்ராஜ் தன் கான்ட்ராக்ட் நைட் ஷிப்ட்டை விட்டிருந்தான். ஜெயித்தால் பிழைப்பு. தோற்றால் குடும்பமே நடுத்தெருவில்.

சிங்கப்பூரில் இருந்த மாமா ஒரு டர்போ ட்ரெய்னர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சைக்கிளின் பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் இரும்புக் கவட்டை அது. டயரை ஓர் உருளை அழுத்திக்கொண்டு நிற்கும். பக்கத்தில் உள்ள விசையைக் கூட்டினால் மிதி கனக்கும். வெளியே மழை கொட்டினாலும் பின்னறையில் மிதித்துக்கொண்டிருக்கலாம்.

"ஆணி அடிச்ச சைக்கிள மிதிக்கிறான் பாரு. இருந்த வேலையையும் விட்டுட்டு," என்றார் மைக்கேல்.

"அண்ணே, பண்ருட்டி வந்துடிச்சா? அப்டியே முந்திரி வாங்கினு வா," என்றாள் தங்கை ஷைனி.

சுவரைப் பார்த்து மிதிப்பது கொடுமை. அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு ரோட்டை நினைப்பான். ஆர்ச் கேட், ஹைவே, வடலூர், அப்புறம் இருபக்கமும் வயல், கடைசியில் சேத்தியாத்தோப்பு வெள்ளாற்றுப் பாலம். இன்று எந்த இடத்தில் நிறுத்துகிறானோ, நாளை அங்கிருந்து தொடங்குவான். குறுக்கு வழி கிடையாது. மனசுக்குள்கூட ஏமாற்ற மாட்டான்.

அன்று மத்தியானம் வடலூர் தாண்டி ஒரு மதகு. அதன்மேல் ஒரு பெண்பிள்ளை நின்றாள். நனைந்த சேலை. கையை நீட்டினாள்.

பழைய சைக்கிளில் ஷிப்ட்டுக்குப் போன நாட்களில் வழியில் கை நீட்டியவர்களை அவன் ஏற்றாமல் போனதே இல்லை. அந்தப் பழக்கம்.

"ஏறுங்க," என்றான். வாய்விட்டே சொல்லிவிட்டான்.

மிதி கனத்தது.

கண்ணைத் திறந்தான். பின்னறை. ஜன்னலில் மழை. விசை முதல் எண்ணில்தான் இருந்தது. ஆனால் பின் டயர் உருளைமேல் சப்பையாக அமுங்கிக் கிடந்தது. அது ரேஸ் சைக்கிள். கேரியரே கிடையாது.

"தம்பி, ஆத்துப் பாலத்துல எறக்கிவுட்டுடு."

காதுக்குப் பின்னால், மிக அருகில்.

குதித்து இறங்கினான். யாருமில்லை. சக்கரத்துக்குப் பின்னால் தரை மட்டும் ஈரமாக இருந்தது. மேலே ஒழுகவில்லை.

அம்மா லூசியம்மாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "யாரு கூடடா பேசிக்கினு இருந்த? பொம்பள கொரல் கேட்டுச்சி."

"ரேடியோம்மா."

"கரண்டே இல்லியேடா?"

அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் ஏறினான். பத்து மிதிகூடத் தாங்கவில்லை. சங்கிலி முனகியது. அதற்கடுத்த நாளும் அப்படியே. மதகிலிருந்து பாலம் அவனுக்கு நல்ல நாளில் அரைமணி நேரப் பாதை. இப்போது தினமும் ஒரு வயல் அகலம் நகர்வதற்குள் தொடை நடுங்கி, நிறுத்திவிட்டு இறங்கினான். இடுப்பில் பனியனை யாரோ பிடித்திருந்த மாதிரி சுருக்கம். ஈரம்.

மழை விட்ட சிறு இடைவெளியில் சைக்கிளைக் கவட்டையிலிருந்து கழற்றி டவுன்ஷிப் ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். அங்கேயும் அதே கனம். பால்காரர் டிவிஎஸ் ஃபிஃப்டியில் அவனைத் தாண்டிக்கொண்டு, "என்னா சைமன், டபுள்ஸா?" என்று சிரித்துவிட்டுப் போனார். இவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்படியே போனால் பந்தயத்தில் கடைசியாகக்கூட வர முடியாது. அவளை இறக்கியாக வேண்டும். அதற்கு ஒரே வழிதான்.

சனிக்கிழமை சாயங்காலம். வீட்டில் எல்லோரும் மாதா கோயிலுக்குப் போயிருந்தார்கள். பின்னறைக் கதவைச் சாத்தினான். ஏறினான். கண்ணை மூடினான்.

நிறுத்திய அதே இடம். வயல். மழை. முதுகில் மூச்சு... ஜில்லென்று.

மிதித்தான். மிதித்தான். அவன் முனகினால் அவளும் முனகினாள். வாயில் ரத்தச் சுவை தட்டியது. நிறுத்தவில்லை.

ஈரச் சேற்று வாடை. தண்ணீர் இரைச்சல்.

தடக்... தடக்...

பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்குகிறது. கவட்டையில் தொங்கும் சக்கரத்துக்கு ஏது தடக்?

கண்ணைத் திறக்கலாமா...

திறக்கவில்லை.

தடக்.

"போதும் தம்பி. நில்லு."

நின்றான்.

பனியனை விட்டது கை.

கனம் போயிற்று.

கண்ணைத் திறந்தபோது பின்னறை. மிதியைத் தொட்டான். காற்றில் சுற்றுவதுபோல் சுற்றியது. அழுதான். பிறகு குளித்தான். அன்று ராத்திரி மூன்று தட்டு சோறு சாப்பிட்டான்.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. நிஜ ரோட்டில் பறந்தான். இந்த வேகம் இருந்தால் வேலை நிச்சயம். சேத்தியாத்தோப்புப் பாலத்தடியில் டீ குடிக்க நிறுத்தினான். கடைக்கார அம்மாள் பட்டம்மாள் அவனையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீதானே சனிக்கெழம மழயில அந்தப் பொண்ண கொண்டாந்து எறக்கிவுட்ட?"

"எந்தப் பொண்ணு?"

"அட, பாலத்துமேல. நான் கண்ணால பாத்தேன். கேரியர் இல்லாத வண்டியில எப்டிடா குந்த வெச்சினு வந்தான்னு சிரிச்சினே நின்னேன். நீ இந்தாண்ட திரும்பறதுக்குள்ள குதிச்சிட்டா. அப்பறம் பாத்தா உன்னியும் காணும். எங்க பசங்க கயித்தக் கட்டினு எறங்கனானுங்க. ஒண்ணும் ஆவல. பொணமாத்தான் வந்தா."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"உன்ன ஒண்ணும் சொல்லல சாமி. வழியில கேட்டிருப்பா, ஏத்தினு வந்திருப்ப. உனக்கு என்னா தெரியும்? புருஷன் வந்து அழுதான். போன வாரமே கோவிச்சினு வூட்ட வுட்டுப் போனவளாம். வடலூர் தாண்டி ஒரு மதகு மேல நின்னத யாரோ பாத்திருக்காங்க. அதோட சரி. அப்பறம் யாரும் அவள எங்கயும் பாக்கல."

பட்டம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆஸ்பத்திரில அறுத்துப் பாத்தாங்களாம். வயித்துல ஒரு பருக்க இல்லியாம். அத்தினி நாளும் பச்சத் தண்ணிகூடக் குடிக்காம எங்கியோ உக்காந்தே இருந்திருக்கா."

அவனுக்கு எங்கே என்று தெரியும். நடுரோட்டில், மழையில், அவன் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன இடத்தில்.