பாதிப் படத்தில் எழுந்து போன அம்மா

திருவண்ணாமலை தியேட்டரில் ஒரு விமானக் கடத்தல் படம். படுமோசம். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். பக்கத்து சீட்டில் நெற்றி நிறைய விபூதி வைத்த அம்மா மட்டும், திரையில் விமானம் ஆடும்போதெல்லாம் “அண்ணாமலையாரே” என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இந்தப் படத்துக்கா இவ்ளோ பயப்படறீங்க?” என்றேன்.

“எம் பையன் மொத தடவையா துபாய் போறான், இப்ப வானத்துல இருக்கான். ப்ளேன் படம்னாங்க, உள்ள எப்படி இருக்கும்னு பாக்க வந்தேன். இவனுங்க கடத்திட்டானுங்க!”

துப்பாக்கிச் சண்டை உச்சத்தில் இருந்தபோது அவர் செல்போன் ஒலித்தது. பேசி முடித்ததும் பையோடு எழுந்துவிட்டார்.

“எறங்கிட்டானாம். வர்றேங்க.”

“பயணிங்க இன்னும் மாட்டிக்கிட்டிருக்காங்களே?”

“அவங்கள ஹீரோ பாத்துப்பாரு.”

பார்த்துக்கொண்டார்தான். ஆனால் அந்த அம்மா எழுந்த இடத்திலேயே படம் முடிந்திருக்க வேண்டும்.