ஈரத்தோடு ஓடி வந்தவர்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது நடந்தது. போன மாசி மாதம், பட்டப்பகலில், பஸ்ஸும் லாரியும் போகிற வருகிற ரோட்டில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள், இதைப் படித்த பிறகு உச்சி வெயிலிலும் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

சகாயராஜ் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்குகிறவன். மண்டியில் மூட்டை ஏற்ற மிஷின் வாங்கியாகிவிட்டது. பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். சித்திரை வந்தால் இவனுக்கும் வேலை இருக்காது. ஆனால் தண்ணீரில் விட்டால் மீன் தோற்றுப்போகும். சைக்கிள் கடை தேவநாதன்தான் ஒரு வழி சொன்னார். ட்ரையத்லான் என்று ஒரு போட்டி. ஏரியில் இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறிய கையோடு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். சைக்கிளை விட்டு இறங்கினால் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணி நேரத்துக்குள் முடித்து மெடல் வாங்கினால், பாண்டிச்சேரியில் ஒரு நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிற வேலை. குளத்து முதலாளி தேவநாதனுக்குத் தெரிந்தவர், வாய் திறந்து சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் ஒன்றும் இல்லை. வேலை தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதுதான்.

ஆறு மாசம் பழகினான். தேவநாதன் தன் சைக்கிளையே கொடுத்தார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகாமல் ஏரிக்குப் போகிறோமே என்று மனசில் சின்ன உறுத்தல். பொண்டாட்டி ஜெசிந்தா நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

பனமலைக்குப் பக்கத்து ஏரி. காலை ஐந்தே முக்கால். தண்ணீர்மேல் பனி கிடந்தது. எல்லோர் கையிலும் மார்க்கரால் நம்பர் எழுதினார்கள். ஒருத்தர் மைக்கில் இங்கிலீஷில் விதிகளைச் சொன்னார். சகாயராஜுக்குப் பாதிதான் புரிந்தது. கையைத் தூக்கினால் படகு வரும். படகு வந்தால் ஆட்டம் முடிந்தது. இப்படித்தான் அவன் புரிந்துகொண்டான்.

"டேய் சகாயம், மூட்ட தூக்கப் போற மாதிரி மூஞ்ச வெச்சிக்காத. போட்டோ புடிக்கிறாங்கோ" என்றார் தேவநாதன். சிரித்துக்கொண்டேதான் தண்ணீரில் இறங்கினான்.

மணி ஆறு. விசில் ஊதினார்கள்.

வழி காட்டப் போட்டிருந்த முதல் மிதவை வரைக்கும் ஒன்றுமில்லை. இரண்டாவது மிதவை மதகுக்கு எதிரே, ஏரி நடுவில் இருந்தது. அதைச் சுற்றித் திரும்பும்போது...

இடது கணுக்காலை ஒரு கை பிடித்தது.

கொடி இல்லை. பாசி இல்லை. கைதான். நாலு விரல் மேலே, கட்டைவிரல் கீழே. இழுக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைவிட அந்தக் கை சில்லென்று இருந்தது.

ஏரிக்கரை ஊர்களில் நீச்சல் பழக்கும்போதே இதைச் சொல்லித்தான் பழக்குவார்கள். தண்ணீரில் ஒருத்தன் உன் காலைப் பிடித்தால் முதலில் உதைத்து உதறு. உதறின உடனே திரும்பி, அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வா. சகாயராஜ் சின்ன வயசில் இப்படி இரண்டு பேரைக் கரை சேர்த்திருக்கிறான்.

உதைத்தான். குதிகால் எதிலோ பட்டது. மூக்கு மாதிரி... மெத்தென்று ஏதோ. கை விட்டுவிட்டது.

திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. மூன்று நீர்க்குமிழி மட்டும் மேலே வந்து உடைந்தது.

படகு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பாதி கையைத் தூக்கினான். பாண்டிச்சேரிக் குளம் ஞாபகம் வந்தது. கையை இறக்கினான்.

சொல்லிக்கொடுத்ததில் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு நீந்திப் போய்விட்டான்.

கரையேறினபோது மணி ஆறு ஐம்பத்திரண்டு. நல்ல நேரம். சைக்கிளை எடுத்தான். காலைப் பிடித்தவன் என்ன ஆனான் என்று விழுப்புரம் வரைக்கும் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. யாரோ பார்த்திருப்பார்கள், தூக்கியிருப்பார்கள் என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். பைபாஸில் ஏறின பிறகு சைக்கிள் கனத்தது. பின்னால் ஆளை ஏற்றினால் எப்படி இழுக்குமோ அப்படி இழுத்தது. இறங்கி டயரை அழுத்திப் பார்த்தான். காற்று கல்லு மாதிரி இருந்தது. டீக்கடையில் நின்றிருந்த ஒருத்தன், தண்ணி ஒழுகுது பார் என்று கத்தினான். பார்த்தான். பாட்டில் காலி. ஆனால் அவன் வந்த வழி நெடுக, தார் ரோட்டில் சொட்டுச் சொட்டாக ஈரம்.

பனி விலகி ஊரே காய்ந்துகிடந்தது. அவன் உடுப்பும் எப்போதோ காய்ந்துவிட்டது.

பதினொன்று பத்துக்குத் திண்டிவனத்தில் ஓட்டம் ஆரம்பம். பெருமுக்கல் மலையடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். ஐந்தாவது கிலோமீட்டரில் ஒரு பந்தல். அங்கே தண்ணீர் கொடுத்தது செண்பகம் என்று ஒரு காலேஜ் பொண்ணு. உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணியை அவனிடம் ஒரு டம்ளர் நீட்டினாள். இன்னொன்றையும் நீட்டினாள்.

"ஒண்ணு போதும்மா."

"உங்களுக்கு இல்லண்ணா. கூட வர்றவருக்கு."

"யாரு?"

"அதான், ஈரத்தோட ஓடியாந்துக்கினு இருக்காரே. கையில நம்பர்கூட எழுதல."

சகாயராஜ் திரும்பவில்லை. டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சளக்... சளக்... ஈரக்கால் தார் ரோட்டில் படுகிற சத்தம். இவன் வேகம் பிடித்தால் அதுவும் பிடித்தது. இவன் நடந்தால் அதுவும் நடந்தது.

மலையடிவாரம். மணி பன்னிரண்டே கால். திரும்புகிற இடத்தில் ஒரு பையன், வந்து சேர்ந்ததற்கு அடையாளமாக ஆளுக்கு ஒரு ரப்பர் வளையம் மணிக்கட்டில் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். சகாயராஜுக்கு மாட்டினான். அடுத்த வளையத்தை எடுத்து, அவன் தோளுக்குப் பின்னால் நீட்டினான்.

வளையம் கீழே விழுந்தது.

பையன் குனிந்து எடுத்தான். நிமிர்ந்தவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

திரும்பும் வழியில் யாரும் இல்லை. உச்சி வெயில். காக்கை கத்தவில்லை. நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

அவன் நிழல் ஒன்று.

அதை ஒட்டி இன்னொன்று.

சளக்... சளக்... அதோடு இப்போது இன்னொரு சத்தம். தண்ணீர் குடித்து மூச்சு முட்டுகிறவனின் சத்தம்.

காதுக்குப் பக்கத்தில்.

"தெரியாம ஒதச்சிட்டேன்பா..."

சளக்... சளக்... விடவில்லை.

"இப்ப நின்னா என் பொழப்பு போயிடும். முடிச்சிட்டு ஏரியில நடந்தத சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன்."

சத்தம் நின்றது.

நிழலைப் பார்த்தான். ஒன்றுதான் இருந்தது.

மத்தியானம் இரண்டு மணி எட்டு நிமிஷத்துக்கு முடிவுக் கோட்டைத் தாண்டினான். கழுத்தில் மெடல் போட்டார்கள். ஜெசிந்தா அழுதாள். சகாயராஜ் முதலில் கேட்டது, தண்ணீரில் இறங்கினவர்கள் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்றுதான். தேவநாதன் விசாரித்து வந்தார். ஒருத்தர்கூடக் குறையவில்லை, தலையை எண்ணியாகிவிட்டது என்றார். அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. யாரும் சாகவில்லை. அப்புறம் என்ன இருக்கிறது சொல்ல? வெயிலில் மூளை கலங்கியதுதான்.

"ஏண்ணா, நீந்தறப்போ படகக் கூப்பிட்டா அவுட்டா?" என்று பேச்சுவாக்கில் கேட்டான்.

"யார்ரா சொன்னது? படகப் புடிச்சிக்கினு மூச்சு வாங்கிட்டுக்கூட நீந்தலாம். ஒண்ணும் ஆவாது."

சகாயராஜ் மெடலைக் கழற்றி ஜெசிந்தா கையில் கொடுத்தான். ஏரியில் நடந்ததை அன்றைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மண்டிக்கு லோடு கொண்டுவந்த டிரைவர் சொன்னான். பயிருக்குத் தண்ணீர் விட அந்த ஏரி மதகைத் திறந்தார்களாம். தண்ணீர் வரவில்லையாம். அடைப்பு எடுக்க, மீன் பிடிக்கிற கண்ணையன் முங்கிப் பார்த்தாராம். மதகுக்குள்ளே தலைகுப்புற ஒரு ஆள் சிக்கியிருந்தானாம்.

கேட்ட நிமிஷமே சகாயராஜ் ஏரிக்கரை ஊருக்குப் பஸ் ஏறினான்.

செத்தவன் பெயர் ரஞ்சித். இருபத்திரண்டு வயசு. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு மீன் பிடிக்கப் போனவன். கோபத்தில் சென்னைக்குப் போய்விட்டான் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். தண்ணீரில் விழுந்து ஒன்பது நாளாவது இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் போட்டி நடந்த அன்றைக்கு அவன் செத்து ஐந்து நாள். கண்ணையன் இன்னொன்றும் சொன்னார். உடம்பு இடுப்பு வரைக்கும் கல்லுக்குள் இறுகியிருந்ததாம். மிதவை போட்டிருந்த இடத்துக்கும் மதகுக்கும் நடுவில் ஒரு வயல் அகலத் தண்ணீர். அங்கிருந்து கை நீட்டிப் பிடிக்க வழியே இல்லை.

முகத்தை மீன் தின்றுவிட்டது. போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்திருந்தால் பெத்தவளாவது முகம் பார்த்திருப்பாள் என்று அங்கே ஒருத்தர் சொன்னார்.

அம்மா லட்சுமியம்மாள் அழவில்லை. வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் இங்கதான் வந்து நின்னான். ஈரத்தோட. எங்கடா போனேன்னு கேட்டேன். 'ஒருத்தரு வந்து சொல்றேன்னு சத்தியம் பண்ணியிருக்காரும்மா. நீ தேடாத, அவரு வருவாரு'ன்னான். அதான் நான் தேடல. நாலு நாளா உக்காந்துக்கினு இருக்கேன்."

அவள் கண் சகாயராஜ்மேல் நின்றது.

"நீ யாருப்பா?"

வாய் திறந்தான்.

"சும்மா... இப்பிடியே போய்க்கினு இருந்தேம்மா."

அவள் தலையாட்டினாள். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். ரோடு மறைக்கிறதாம்.