சுடலைவடிவு நீட்டிய தம்ளர்

எங்கள் ஊர் ஆம்பிளைகளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. அந்த ஆம்பிளைகளில் நானும் ஒருவன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எழுதத் தெரிந்தவன் என்று ஊர்க்கூட்டத்துத் தீர்மான நோட்டை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதினேன். அந்த நோட்டில் நான் எழுதிய ஒரு பொய்யையும், அதைச் சந்திக்கு இழுத்த சுடலைவடிவையும் பற்றித்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

கல்லிடைக்குறிச்சிக்குக் கிழக்கே, கால்வாய்க் கரையை ஒட்டியது எங்கள் ஊர். சுடலைவடிவு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். நான் சொல்கிற காலத்தில் அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் பிழைக்கப் போன பம்பாயிலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். யாராவது விசாரித்தால், "அந்தச் சவத்து மூதியப் பத்தி என்ன பேச்சு" என்று முடித்துவிடுவாள். பகலில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு பொங்குவாள். வீட்டுக்குப் போய் பீடி சுற்றுவாள். அறிவொளி வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கவும், கையெழுத்துப் போடவும் கற்றிருந்தாள். ஒரே மகன், மாரிசெல்வம். பத்தாம் வகுப்பு. என் வகுப்பில்தான் இருந்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் பள்ளிக்கூடம் திறந்த புதிதில், சத்துணவுக் கூடத்துத் தம்ளர்கள் நாறத் தொடங்கின. சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், வாடை போகவில்லை. ஒரு தம்ளரைத் தலைமை ஆசிரியரிடம் எடுத்து வந்து நீட்டினாள். அவர் மூக்கை எட்டவே வைத்துக்கொண்டு, "பினாயிலா இருக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற என்னிடமும் நீட்டினாள். முகர்ந்தேன். பிராந்தி. எனக்கு நன்றாகவே தெரியும் அந்த வாடை. தெரிந்தும், "கழுவி வையும்மா" என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஒன்றும் குறைந்திருக்காது.

அவள் கழுவி வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மறுநாள் மத்தியான மணி அடித்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்புமாகப் பையன்கள் வட்டமாக உட்கார்ந்து, சத்துணவுத் தம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாந்தி எடுத்து அதன் பக்கத்திலேயே படுத்திருந்தான். வட்டத்தில் மாரிசெல்வமும் இருந்தான். அவள் வந்த வழியே திரும்பினாள். அதற்குப் பிறகு ஒரு வாரம், தொட்டிக்குப் பின்னாலும் கால்வாய்க் கரையிலும் கிடந்த காலிக் குவாட்டர் பாட்டில்களையும் சாராயக் கவர்களையும் ஓர் அரிசிச் சாக்கில் பொறுக்கிச் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் நடக்கும்போது அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, நடுவில் கவிழ்த்தாள்.

ஊர்த்தலைவர் சங்கிலிபூதத்தான் துள்ளி எழுந்தார். ஊரில் அரிசி மில் வைத்திருப்பவர்; சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவை வருஷாவருஷம் முன்நின்று நடத்துகிறவரும் அவர்தான்.

"ஏளா வடிவு, இது பொம்பளைக வார எடமா?"

"பொம்பளைக வராத எடத்துலதான் அண்ணாச்சி இதெல்லாம் கெடக்கு."

"யாரு குடிச்சத எங்க கொண்டாந்து கொட்டுத?"

"நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைக குடிச்சது. எம் மவன் குடிச்சதும் இதுல கெடக்கு. ஒங்க மவன் குடிச்சதும் கெடக்கு. பிரிச்சு எடுக்க எனக்குத் தெரியல."

தன் பிள்ளையை முதலில் சொல்லிவிட்டவளை எப்படி அடக்குவது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் அன்றைக்கே ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கும் தலைவர் சங்கிலிபூதத்தான், எழுத்து வேலை நான், பெயருக்கு ஒரு பெண் வேண்டுமே என்று சுடலைவடிவும் உறுப்பினர்.

குழுவில் அவள் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். மெயின்ரோட்டுப் பிராந்திக் கடைக்காரரிடம் நாலு பெரிய மனுஷர் போய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விற்காதே என்று சொல்ல வேண்டும். தொட்டிப் பக்கம் மத்தியானத்தில் முறைவைத்து ஒருவர் உட்கார வேண்டும். இவ்வளவுதான். இதற்கு உடம்பை அசைக்க வேண்டியிருந்ததே, அதுதான் நம்மவர்களுக்கு ஆகாத வேலை. உட்கார்ந்த இடத்திலேயே வழி கண்டுபிடித்தார்கள். பையன்கள் எல்லோரையும் சுடலைமாடன் கோயிலுக்குக் கூட்டிப் போய், பீடத்தில் கை வைத்து, இனிமேல் குடிக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்குவது.

சுடலைவடிவுக்கு நெற்றி சுருங்கியது.

"அண்ணாச்சி, கொடைக்கு அந்தப் பீடத்துலதான சாராயத்தப் படைக்கிய? படையல் எறங்குனதும் மீச மொளைக்கிற பிள்ளைகளுக்குக் குடுக்கவும் செய்யிய. அதே பீடத்துல குடிக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கினா எப்படி? இந்தக் கொடைக்குச் சாராயத்த விட்டுட்டு எளநீ வைப்போம். பொறவு சத்தியம் வாங்குவோம்."

"சாமிக்குப் பத்தியம் சொல்லுதியாளா நீ?" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நோட்டில், 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: சத்தியம் வேலை செய்தது. இருபத்து மூன்று பையன்கள் ஆடி வெள்ளியன்று குளித்து, ஈர வேட்டியோடு வந்து பீடத்தில் கை வைத்தார்கள். சுடலைமாடன் என்றால் அந்த வயசில் சாதாரணப் பயமா? தொட்டிப் பக்கம் சுத்தமாயிற்று. தம்ளர்கள் மறுபடி வெறும் தம்ளர்களாக மணத்தன. மாரிசெல்வம் சாயங்காலம் அம்மாவுக்குப் பீடி இலை வெட்டிக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டான். முதல் ஒரு மாதம் அவன் பட்ட பாட்டை அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். நாக்கு வறளும், எரிந்து விழுவான், பிறகு, "எம்மா, சாமி பாத்துக்கிட்டே இருக்கும்லா" என்று கேட்டுக்கொண்டு சுருண்டு படுப்பான். பத்து மாதம் தாக்குப் பிடித்தான். பரீட்சையும் எழுதி முடித்தான்.

மறு வருஷம் சித்திரைக் கடைசியில் கொடை வந்தது. மத்தியானக் கொடை, நல்ல உச்சி வெயில். நையாண்டி மேளம் முழங்க, சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடி பீடத்துச் சாராயத்தை எடுத்துக் குடித்தார். மீதியைச் சங்கிலிபூதத்தான் வாங்கிக்கொண்டு, "எளவட்டமெல்லாம் வாங்கலே" என்று கூப்பிட்டார். சத்தியம் செய்த இருபத்து மூன்று பேரையும்தான் கூப்பிட்டார். சத்தியம் வாங்கியவரும் அவரேதான்.

மாரிசெல்வம் பின்வாங்கினான். "அண்ணாச்சி, நான் சத்தியம் பண்ணிருக்கேன்."

"ஏலே, அது குடிக்குப் பண்ணுன சத்தியம். இது பிரசாதம்லே. சாமி குடுக்கத வேண்டாம்னா ஒங்க வீடு வெளங்குமா? ஒங்கம்மை நல்லாருக்க வேண்டாமா?"

பொம்பளைகள் தூரத்தில் நிறுத்தப்பட்டிருந்தார்கள். சுடலைவடிவு அங்கிருந்து கத்தியது மேளத்தில் கேட்கவில்லை. பையன் என்னைப் பார்த்தான். நான் மேளக்காரரைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். ஒருவன் பாக்கியில்லாமல் மற்றவர்களும் குடித்தார்கள். சாயங்காலம் கால்வாய்க் கரையில் வாந்தியில் கிடந்த மகனை அவள் தனியாகவே தூக்கிக் கழுவினாள்.

அத்தோடு பயம் தெளிந்துவிட்டது. சாமியே கொடுத்த பிறகு எதற்குப் பயப்பட? பத்து மாதம் நாக்கைக் கட்டிய பையன்கள், லீவு நாளென்றும் பாராமல், பத்தே நாளில் தொட்டிக்குப் பின்னால் திரும்பிவிட்டார்கள். குழு கூடியது. சத்தியம் முறிந்ததா இல்லையா என்று வழக்கு. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அரைமணி நேரம் பேசி, நான் எழுத ஒரு வரி சொன்னார்கள்: 'கொடையில் வழங்கப்பட்டது பிரசாதம், ஆகவே சத்தியம் மீறப்படவில்லை.' என் அழகான கையெழுத்தில் எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நோட்டு சுடலைவடிவிடம் வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தாள். பேனாவை என் முன்னால் வைத்தாள்.

"நான் போட மாட்டேன், சார்வாள். நீங்க படிச்சவுக, நீங்க எப்படிப் போட்டிய?"

நான் நோட்டை இழுத்து மூடினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

மாரிசெல்வம் பதினோராம் வகுப்பில் சேர்ந்து மூன்றே மாதத்தில் நின்றான். சங்கிலிபூதத்தான் அவனைத் தன் மில்லில் மூட்டை தூக்க வைத்துக்கொண்டார். பெற்றவள் எவ்வளவோ மறித்தும் அவன் கேட்கவில்லை. தொண்ணூற்றெட்டுக் கொடையில் அவர் அவனுக்கு ஒரு பெரிய கௌரவம் கொடுத்தார். கோமரத்தாடி பக்கத்தில் நின்று, பாட்டிலைப் பிடித்துப் பையன்களுக்கு ஊற்றுகிற வேலை. புது வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்றான். ஒன்பதாம் வகுப்பில் அந்த வருஷம்தான் ஏறப்போகிற பொடியன்கள் வரிசையில் வந்தார்கள். "பிரசாதம்லே, குடி" என்று அவன் சொல்வது என் காதில் விழுந்தது. அப்படியே சங்கிலிபூதத்தானின் குரல்.

அந்த வரிசையின் கடைசியில் சுடலைவடிவு வந்து நின்றாள். கையில் சத்துணவுக் கூடத்து அலுமினியத் தம்ளர். முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. முன்னால் நின்ற பையன் நகர்ந்ததும் தம்ளரை மகன் முன்னால் நீட்டினாள்.

"ஊத்துலே."

மேளங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சங்கிலிபூதத்தான் பாய்ந்து வந்தார். "சீ! பொட்டச்சி குடிக்க வந்து நிக்கியே, வெக்கமா இல்லையாளா?"

"குடிக்க எங்க வந்தேன்? பிரசாதம் வாங்க வந்திருக்கேன். குடி இல்ல, பிரசாதம்னு நீங்கதான சொன்னிய? சார்வாள் நோட்டுல எழுதியும் வச்சிருக்காக. கோயில்ல திருநீறு வாங்குதேன், மஞ்சத்தண்ணி வாங்குதேன், பொங்கச்சோறு வாங்குதேன். இத மட்டும் நான் ஏன் வாங்கக் கூடாது?"

"பொம்பள இதக் குடிக்கக் கூடாது."

"எட்டாங்கிளாஸ் முடிச்ச பிள்ள குடிக்கலாமாக்கும்?"

அதுவரை அருள் வந்து குதித்துக்கொண்டிருந்த கோமரத்தாடி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, தலைவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் கேட்காத கேள்வி ஒரு தம்ளரில் வந்து நின்றுவிட்டது.

அவள் மகனிடம் திரும்பினாள். "எனக்கும் சாமி இதுதானலே. ஊத்து. வேண்டாம்னா நம்ம வீடு வெளங்காதுல்லா?"

மாரிசெல்வம் பாட்டிலைச் சாய்த்தான். பாட்டில் தம்ளர் விளிம்பில் இடித்துச் சத்தம் கேட்டது. பிறகு அவன் பாட்டிலை இழுத்துக்கொண்டான்.

"எம்மா, வேண்டாம்மா. இது சாராயம்."

"சத்தமாச் சொல்லு."

"சாராயம்மா" என்று அழுதான்.

சுடலைவடிவு கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள். "சார்வாள், கேட்டியளா? நோட்டுல எழுதிக்கிடுங்க."

மாரிசெல்வம் குடியை விட்டானா என்று கேட்பீர்கள். விடவில்லை, விடுவதும் தொடுவதுமாக இருந்தான். ஆனால் அடுத்த கொடைக்குப் பாட்டிலைப் பிடிக்க அவன் போகவில்லை. வேறொருவன் பிடித்தான். சங்கிலிபூதத்தானுக்கு ஆள் கிடைக்காமலா போகும்?

அவள் தம்ளரை நீட்டிய அன்று சாயங்காலமே பழைய வரியை அடித்துவிட்டு, 'கொடையில் பிள்ளைகளுக்குக் கொடுத்தது சாராயம்' என்று எழுதி, கீழே முதலில் நான் கையெழுத்துப் போட்டேன். வீடு வீடாக எடுத்துப் போனேன். "என்ன எளவுவே இது" என்று தலைவர் நோட்டைத் தள்ளினார். மற்றவர்கள் மூக்குக்கண்ணாடி இல்லை என்றார்கள். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்.

"நாளைக்கு அவுக மறுபடியும் பிரசாதம்னு எழுதச் சொன்னா எழுதுவியளா, சார்வாள்?"

மாட்டேன் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.