திருப்பி அனுப்பாத கார்டு

தேவதாஸ் பட்டாளத்தில் இருந்தவர்தான். ஆனால் துப்பாக்கி தூக்கியவர் அல்ல. கோயமுத்தூர் தலைமைத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தவரை 1969இல் ராணுவத் தபால் பிரிவுக்கு அனுப்பினார்கள். பச்சை உடுப்பு கொடுத்தார்கள், கூடாரம் கொடுத்தார்கள். வேலை மட்டும் மாறவில்லை. மூட்டையை அவிழ்ப்பது, பட்டாலியன் வாரியாகக் கடிதங்களைப் பிரிப்பது, கட்டுவது. ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்து பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து 1994இல் ஓய்வு பெற்றார்.

குடியிருந்த புலியகுளத்தில் அவரை யாரும் மிலிட்டரிக்காரர் என்று சொன்னதில்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை. அவர் மனைவி விமலாராணிக்கே அந்த ஐந்து வருடத்தைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். எல்லையோரத்து அகர்தலாவில் குளிர் அதிகம், ரொட்டி வேகாமல் இருக்கும், மழையில் பூட்ஸுக்குள் அட்டை ஏறும். அதற்கு மேல் கேட்டால், "என்னத்தச் சொல்றது, தபால்தானே" என்று எழுந்து போய்விடுவார்.

1996 டிசம்பரில் வங்கதேசப் போர் முடிந்து இருபத்தைந்து வருடம் ஆனது. ஊரில் ஒரு சேவைச் சங்கத்தார், அந்தப் போரில் இருந்தவர்களை அழைத்து நன்றி சொல்ல ஒரு விழா ஏற்பாடு செய்தார்கள். சங்கச் செயலாளர் மோகன்குமார், பம்புசெட் உதிரிபாகப் பட்டறை வைத்திருப்பவர், அழைப்பிதழோடு வீட்டுக்கே வந்தார்.

"நான் சண்டை போடலைங்களே தம்பி. கடுதாசி பிரிச்சுப் போட்டுட்டு இருந்தேனுங்க."

"அதுவும் சேவைதானுங்க சார். சால்வை போட்டு நன்றி சொல்றோமுங்க. நீங்க ரெண்டு நிமிஷம் உங்க ஞாபகத்தைச் சொல்லோணும், அவ்வளவுதானுங்க."

தேவதாஸ் மறுக்கத்தான் நினைத்தார். பள்ளி ஆசிரியையாக இருக்கும் மகள் லின்சி, "போங்கப்பா, நானும் வாரேன்" என்றாள். வெள்ளைச் சட்டையை அவளே இஸ்திரி போட்டு வைத்தாள்.

விழா ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் பதினொரு பேர். கீழே இருநூறு பேர் இருக்கலாம். தேவதாஸுக்கு முன்னால் பேசிய வேங்கடசாமி ஹவில்தாராக இருந்தவர். இரவோடு இரவாக ஆற்றைக் கடந்ததையும், எதிரியின் பங்கரைப் பிடித்ததையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அடுத்து தேவதாஸ் பெயரை அழைத்தார்கள்.

மைக்கைப் பிடித்த பிறகுதான், சொல்ல ஒன்றுமே யோசித்து வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஞாபகம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

"நான் தபால்ல இருந்தேனுங்க," என்று ஆரம்பித்தார். "சண்டையில ஒருத்தர் தவறிட்டார்னா, ஊருக்குத் தந்தி போற வரைக்கும் அவர் பேருக்கு வர்ற கடுதாசிய நாங்க தனியா எடுத்து வெச்சிருக்கோணும். தந்தி போனப்புறம், ஆள் இல்லைன்னு முத்திரை குத்தி, எழுதுனவங்களுக்கே திருப்பி அனுப்பிப் போடுவோம். நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர், டிசம்பர் அஞ்சாந்தேதி தவறிட்டாரு. அவரு சம்சாரத்துக்கிட்ட இருந்து கடுதாசி வந்துட்டே இருந்துச்சுங்க. மூணு இன்லண்டு, ஒரு கார்டு. அந்தம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது? பெட்டியில போட்டு வெச்சேன். கார்டுல, பொண்ணு பொறந்திருக்குதுன்னு எழுதியிருந்துச்சு. அது வந்தப்ப அவரு போயி நாலு நாள்..."

முன்வரிசையின் ஓரத்தில் ஓர் அம்மாள் எழுந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். வெளிர்நீலச் சேலை, வெறும் நெற்றி. மேடைக்குக் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல் கேட்டார்.

"ஏனுங்க, கார்டு அவியளுக்குப் போயிச் சேரலைங்களா?"

போரில் கணவனை இழந்த பெண்களுக்கும் மரியாதை செய்வதென்று கடைசி வாரத்தில்தான் சங்கத்தார் முடிவு செய்திருந்தார்கள். அழைப்பிதழில் அது இல்லை. தேவதாஸுக்கு அவர் யார் என்று உடனே புரிந்தது. முகத்தை அவர் பார்த்ததில்லை. ஆனால் நரசீபுரம் செல்லாத்தாள் என்ற பெயரை அந்தக் கூடாரத்தில் மூன்று வாரம் தினமும் படித்திருக்கிறார்.

பொய் சொல்லியிருக்கலாம். வேறு ஆள் பற்றிச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். பின்னால் பல நாள் அவர் அப்படித்தான் நினைத்தார். அந்த நிமிடத்தில், கவுண்டரில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல வாய் தானாகச் சொன்னது.

"இல்லைங்கம்மா. சேரலைங்க."

"மூணுதானுங்களே திரும்பி வந்துச்சு."

"கார்டு எங்கிட்ட இருந்துச்சுங்க. அதுல முத்திரை குத்த எனக்குக் கை வரலைங்க."

அந்த அம்மாள் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த இளம்பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மண்டபத்தில் என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை. மோகன்குமார் வேகமாக வந்து மைக்கை வாங்கி, "நெஞ்சை உருக்கும் ஞாபகங்க. எல்லாரும் ஒரு கைதட்டல் கொடுங்க" என்றார். கொடுத்தார்கள். சால்வையும் போட்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் தேவதாஸ் அவர்களைத் தேடிப் போனார். இலையில் பரிமாறியது அப்படியே இருந்தது. செல்லாத்தாள் எழுந்து கைகூப்பினார்.

"உட்காருங்க. சாப்பிட்டீங்களா?"

"அம்மா, நீங்க வந்திருக்கறது எனக்குத் தெரியாதுங்க."

"உங்க மேல என்னங்க தப்பு." பக்கத்தில் இருந்த பெண்ணைக் காட்டினார். "இவதானுங்க அந்தப் பொண்ணு. புவனா. மூணு லெட்டரு திரும்பி வந்துச்சு, கார்டு வரலை. அப்ப அது அவிய கைக்குப் போயிருச்சுன்னு நான் நெனச்சுட்டேனுங்க. உம் மொகத்தத்தான் பார்க்கலை கண்ணு, நீ பொறந்ததைக் கேட்டுட்டுத்தான் அப்பா போனாருன்னு சொல்லிச் சொல்லி வளர்த்துப்போட்டேன்."

லின்சி அப்பாவை மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. விமலாராணி, "உள்ளதைத்தானே சொன்னீங்க" என்றாள். உள்ளதைச் சொன்னதுதான் அவருக்கு ஆறவில்லை. ஜனவரியில் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் காந்திபுரத்தில் பஸ் ஏறி மலையடிவாரத்து நரசீபுரம் போனார்.

செல்லாத்தாள் வீடு ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் சாளை. முந்தின வாரம் யானை வந்து வாழையை மிதித்திருந்தது. புவனாவின் கணவன் சாய்ந்த வேலிக்கல்லை நிமிர்த்திக்கொண்டிருந்தான். செல்லாத்தாள் கட்டிலை இழுத்துப் போட்டு, "வாங்க, உட்காருங்க" என்றார். காப்பி வந்தது. யானை எந்தப் பக்கம் இறங்கியது, வனத்துறையார் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் பேசினார். மரியாதையில் ஒரு சொல் குறையவில்லை. அந்த மரியாதைக்குள் நுழைந்து மன்னிப்புக் கேட்க தேவதாஸுக்கு வழி தெரியவில்லை.

கடைசியில் புவனாதான் கேட்டாள். "அய்யா, அந்தக் கார்டு இப்ப இருக்குதுங்களா?"

"இல்லைங்கம்மா. என் பெட்டியிலதான் வெச்சிருந்தேன். அடுத்த வருஷம் சிலிகுரியில இருந்தப்ப வெள்ளம் வந்து பெட்டியே முழுகிப்போச்சுங்க. எடுத்துப் பார்த்தா மை எல்லாம் கரைஞ்சு, வெறும் கூழா இருந்துச்சு."

"என்ன எழுதியிருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

அவருக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருந்தது. சொன்னார். "கார்த்திகை எட்டாந்தேதி பெண் பிறந்திருக்கிறது. இருவரும் சுகம். மூக்கு உங்களை மாதிரி. புவனா என்று கூப்பிடுகிறோம். பிடிக்கவில்லை என்றால் உடனே எழுதவும்."

செல்லாத்தாள் தலையைத் திருப்பி வாழைப் பக்கம் பார்த்தார். "பதிலு வரலை. பிடிச்சிருச்சாட்ட இருக்குதுன்னு அதே பேரையே வெச்சுப்போட்டோமுங்க" என்றார். பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

பஸ் நிறுத்தம் வரை புவனா கூட வந்தாள். பாதி தூரம் பேசாமல் நடந்துவிட்டு, "அதையும் ஏனுங்கய்யா திருப்பி அனுப்பலை?" என்றாள்.

"உங்கம்மாவுக்கு அது போயிச் சேரக்கூடாதுன்னு நெனச்சேன். புள்ளை பொறந்ததைக்கூட அந்த மனுசன் கேட்கலைன்னு அந்த நேரத்துல தெரிய வேண்டாம்னு..."

"அனுப்பியிருந்தீங்கன்னா, அன்னிக்கு அழுத அழுகையோட அதுவும் சேர்ந்து போயிருக்குமுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னாள். வந்த பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் நின்று, "பார்த்துப் போங்கய்யா" என்றாள்.

இன்னும் ஒருமுறை போனார். 1998 பொங்கல் கழிந்து, ஒரு சீப்புப் பழமும் புவனாவின் குழந்தைக்கு ஒரு சட்டையும் வாங்கிக்கொண்டு. செல்லாத்தாள் இரண்டையும் வாங்கிக்கொண்டார். காப்பி கொடுத்தார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க நல்லவிய. ஆனா இனி வர வேண்டாமுங்க. உங்களைப் பார்த்தாப் போதும், புள்ளை பொறந்தது அவியளுக்குத் தெரியாதுங்கறது மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சுருதுங்க."

"சரிங்கம்மா" என்றார் தேவதாஸ். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

1999 கோடையில் கார்கில் சண்டை வந்தது. தெருவில் நிதி திரட்டினார்கள், கல்லூரிகளில் ஊர்வலம் போனார்கள். பழைய ராணுவத்தினரைப் பேசக் கூப்பிட எல்லா இடத்திலும் ஆள் தேடினார்கள். மோகன்குமார் மறுபடியும் வந்தார். சர்ச் இளைஞர் சங்கத்தாரும் வந்தார்கள். தொண்டை சரியில்லை என்று இரண்டு தரப்பையும் அனுப்பிவிட்டார்.

மாலைச் செய்தியில் தினமும் தேசியக்கொடி போர்த்திய பெட்டிகளைக் காட்டினார்கள். தேவதாஸ் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் விமலாராணியிடம், "இந்தப் பையனுக்கு எழுதுன லெட்டரு இப்ப எந்த ஊரு தபால் பையில இருக்குமோ" என்றார். அவள் டிவியை நிறுத்திவிட்டு, சாதம் ஆறிப்போகுது, வாங்க என்றாள். அவர் எழுந்து கை கழுவப் போனார்.