பெரியவளின் தொட்டி

பெரியவள் போய் எட்டு மாதம் ஆகியும் அவள் வளர்த்த மீன் சின்னவளைக் கடிப்பதை நிறுத்தவில்லை.

கண்ணாடியின் உட்புறம் படியும் பாசியைத் துடைக்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டிக்குள் கை விட்டாக வேண்டும். விட்டதும் அது வந்துவிடும். ஆள்காட்டி விரல் நீளம்கூட இல்லாத நீல டாம்சல், கடல் மீன். இடது மூலைப் பாறைப் பொந்திலிருந்து நேராகப் பாய்ந்து வந்து, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையில் ஒரு கொத்து. பெரிய வலி ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடம். பெரியவளின் கையை அது கடித்ததே கிடையாது. அவள் விரலிலிருந்தே தீனி வாங்கித் தின்னும். யாரை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாளோ என்று சின்னவளுக்குத் தோன்றும். தோன்றியதும் கையை வெளியே எடுத்துவிடுவாள்.

சின்னவள் என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். வயது ஐம்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். முப்பது வருஷமாக “மூச்சை இழுங்க, பிடிச்சுக்குங்க, இப்ப விடுங்க” என்று வந்தவர் போனவர் எல்லாருக்கும் சொன்னவள், வீட்டுக்கு வந்தால் அக்கா முன்னால் மூச்சு விடமாட்டாள்.

அக்கா கத்துகிற ரகம் இல்லை. கத்தியிருந்தால் திரும்பக் கத்தித் தொலைத்திருக்கலாம். அவளிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்: “அது இருக்கிற இடத்துல இருக்கட்டும்.” துண்டை வேறு ஆணியில் மாட்டினால் அந்த வாக்கியம் வரும். டம்ளரை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தால் வரும். சின்னவளுக்கு இருபத்தொன்பது வயதானபோது ஆஸ்பத்திரி மருந்தாளர் ஒருவர், கல்யாணம் பேசுகிற எண்ணத்தோடு மூன்று தடவை வீட்டுக்கு வந்தார். மூன்றாவது தடவை, காற்று வரட்டுமே என்று நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். பெரியவள் அதே வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மனிதர் நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டு, டீயைக் குடித்து முடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நாலாவது தடவை வரவில்லை. அக்கா சொன்னதைச் சின்னவள் என்றைக்கோ மன்னித்துவிட்டாள். அன்று தான் வாயைத் திறக்காததை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மீன் தொட்டி அதற்கெல்லாம் வெகு காலம் பின்னால், பெரியவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்தது. நாலடி நீளம். வாளியில் உப்பைக் கரைத்து, மிதவையைப் போட்டு அளவு பார்த்து, வாரா வாரம் கால்வாசித் தண்ணீரை மாற்றுவாள். பாறைக் கற்களை அவளே இரண்டு நாள் உட்கார்ந்து அடுக்கினாள். ஏழு டாம்சல் விட்டாள். மூன்றே மாதத்தில் இரண்டுதான் மிச்சம். இடது மூலைப் பொந்தைப் பிடித்துக்கொண்ட பெரியது, மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டியிருந்தது. இன்னொன்று வலது கோடியில், பம்புக் குழாய்க்குப் பின்னால், வால் கிழிந்து, சாம்பல் பூத்துப்போய் ஒண்டிக் கிடந்தது. தீனி போட்டால் பெரியது தின்று முடித்து மிச்சம் மிதந்து வந்தால்தான் அதற்கு.

“பாரு, உன்னை மாதிரியே ஒண்ணு,” என்றாள் பெரியவள் ஒரு நாள், விளையாட்டாக.

அன்றிலிருந்து அக்காவுக்குத் தெரியாமல் குழாய்ப் பக்கம் ஒரு சிட்டிகைத் தீனி கூடுதலாகப் போட ஆரம்பித்தாள் சின்னவள்.

பெரியவள் அந்தத் தொட்டிக்கு எதிரில், மருந்தாளர் அன்று இழுத்துப் போட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் போனாள். மாரடைப்பு. சின்னவள் வேலை முடிந்து வந்தபோது மடியில் தீனி டப்பா திறந்தே இருந்தது. அதற்குப் பிறகு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அக்காவின் அறைக் கதவும் சாத்தியபடியே கிடந்தது. சாயங்காலம் தொட்டி விளக்கைப் போட்டால், தண்ணீரின் நீல வெளிச்சம் நாற்காலியின் முதுகில் அசையும். ஆள் அசைவது போலவே இருக்கும். அந்த நேரத்தில் சின்னவள் அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள்.

அப்படி இருந்தவள்தான் ஒரு நாள் ஆஸ்பத்திரி கேன்டீனில், யோசிக்காமல் ஒரு காரியம் செய்தாள். எதிரில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தாள். முப்பது வருஷத் தோழி, ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருப்பவள், பழகிய முகங்களைப் பார்க்க வந்திருந்தாள்.

“ஹால்லதான் கட்டில் போட்டிருக்கான். எல்லாரும் டிவி பாத்து முடிச்சாதான் எனக்குத் தூக்கம்,” என்றாள் நர்ஸம்மா.

“பேசாம என் வீட்டுக்கு வந்துடு. அக்கா ரூம் சும்மாதானே கெடக்கு.”

சொன்ன பிறகுதான் சின்னவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. பிறந்ததிலிருந்து ஒருத்தரையும் அவள் தன் வீட்டுக்கு வந்து இரு என்று கூப்பிட்டதில்லை. இது ஒன்றாவது நிலைக்க வேண்டும். நர்ஸம்மாவும் வந்த வழியே போனவளாகிவிடக் கூடாது. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தாள். அக்காவின் அறையைத் திறந்து மெத்தையை வெயிலில் போட்டாள். அடுத்தது மீன். புதிதாக ஒரு ஆள் வருகிற வீட்டில் அந்த ரௌடி இருக்கக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். மீன் கடைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் ஒன்று சொன்னார்:

“அதை மட்டும் எடுத்தா போதாதும்மா. கல்லு எல்லாத்தையும் வெளிய எடுத்து வேற மாதிரி அடுக்குங்க. அப்பதான் இது என் இடம்ங்கிற நெனப்பு போகும்.”

“இன்னொண்ணு பாவங்க. அது யாரையும் ஒண்ணும் பண்ணாது.”

“பெரிசு இருக்கிற வரைக்கும்தான்மா அது பாவம்,” என்றார் கடைக்காரர், வேறு யாருக்கோ தண்ணீர்ப் பையைக் கட்டிக்கொண்டே.

வலையிலெல்லாம் பெரியது சிக்கவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் பாட்டிலின் வாயை வெட்டி, தலைகீழாக உள்ளே செருகி, தீனி போட்டு இறக்கினாள். இரண்டாம் நாள் மாட்டிக்கொண்டது. பாட்டிலுக்குள்ளிருந்தும் அவளைப் பார்த்துத்தான் முட்டியது. கடையில் கொடுத்துவிட்டு வந்து கற்களை எடுக்கத் தொட்டிக்கு மேல் கையை நீட்டினாள். அக்கா இரண்டு நாள் அடுக்கியது. இருக்கட்டும் என்று கையை மடக்கிக்கொண்டாள்.

நாலு நாளில் குழாய்க்குப் பின்னால் இருந்தது வெளியே வந்தது. பத்தாம் நாள் அதற்கு நீலம் திரும்பியது. கிழிந்த வால் வளர ஆரம்பித்தது. அது நடுத்தொட்டியில் நீந்துவதைப் பார்த்துச் சின்னவள் அழுதேவிட்டாள், நல்ல வேளையாகத் தனியாக இருந்தாள்.

நர்ஸம்மா இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தாள். வந்த வாரமே இருவரும் கடைக்குப் போய் ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கி வந்தார்கள். ஆரஞ்சு நிறம், நர்ஸம்மாவுக்குப் பிடித்தது. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. சாயங்காலம் சின்னவள் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். இப்படியும் இருக்கலாமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது வாரம் நர்ஸம்மா தொட்டியைப் பார்த்தபடி சொன்னாள்: “உன் பாவப்பட்ட மீன் இதுங்களைப் படுத்துற பாட்டைப் பாத்தியா?”

“அது விளையாடுதுடி.”

“நல்லா விளையாடுது. ஒண்ணுக்குச் செவுளோரம் தோலே இல்ல.”

மறுநாள் அந்தக் கோமாளி மீன் செத்து மிதந்தது. மற்றதைக் காணோம். நர்ஸம்மாதான் தேடிக் கண்டுபிடித்தாள்: வலது கோடியில், பம்புக் குழாய்க்குப் பின்னால். சின்னவள் பார்க்க வரவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. நர்ஸம்மா ரவிக்கைக்குக் கொக்கி தைக்க வெளிச்சம் தேடி, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்தாள். அதன் கால் தரையில் உரசியது. சின்னவள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அது இருக்கிற இடத்துல இருக்கட்டும்.”

பின்னால் யார் நிற்கிறார்கள் என்று சின்னவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் அதே சிரிப்பு தன் உதட்டில் இன்னும் இருப்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கை நனைந்திருக்க, முழங்கையால் வாயைத் துடைத்தாள்.

நர்ஸம்மா நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டாள். உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

“என்னடி பண்றே?” என்று அறை வாசலில் வந்து நின்றாள் சின்னவள்.

“நான் பையன் வீட்டுக்கே போயிடறேன். கோபமெல்லாம் ஒண்ணுமில்ல.”

“நாற்காலிக்கா? தெரியாம வாயில வந்துடுச்சுடி.”

“காலைல துண்டுக்குச் சொன்னே. நேத்து டம்ளருக்குச் சொன்னே. வந்த மறுநாள் என் செருப்புக்குச் சொன்னே. தினம் சொல்றே, சிரிச்சிக்கிட்டே சொல்றே.” நர்ஸம்மா புடவையை மடித்துக்கொண்டே பேசினாள். “அவன் வீட்ல கத்துவாங்க. கத்தினா திரும்பக் கத்திடலாம். உன்கிட்ட நான் என்னத்தைக் கத்துறது?”

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு தடவைகூட அவளுக்கு நினைவில்லை. எத்தனை தடவை அந்த வாய் அவளுக்குத் தெரியாமல் திறந்து மூடியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது. எட்டு மாதமாக நாற்காலியைப் பார்த்து நடுங்கியிருக்கிறாள். அக்கா உட்கார்ந்திருந்த இடம் நாற்காலி இல்லை.

நேராகத் தொட்டிக்குப் போனாள். மூடியைக் கழற்றினாள். இடது மூலைப் பொந்தின் வாயில், வால் முழுசாக வளர்ந்து, நீலம் பளபளக்க அது நின்றிருந்தது. கையை விட்டாள். வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, பெரியது கொத்திய அதே சதையில் கொத்தியது. இவள்தான் அதற்கு அஞ்சு வருஷம் திருட்டுத்தனமாகத் தீனி போட்டவள். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. பொந்துக் கல்லைப் பிடித்துத் தூக்கி வாளியில் போட்டாள். அடுத்த கல், அதற்கடுத்த கல். தண்ணீர் கலங்கிச் சேறாயிற்று. அது கொத்திக்கொண்டே இருந்தது, காக்க இடம் தீரும் வரைக்கும். பிறகு எங்கே போவது என்று தெரியாமல் நடுவில் நின்றது. குழாய்க்குப் பின்னால் இருந்த ஆரஞ்சு மீன் மெல்லத் தலையை நீட்டியது.

சத்தம் கேட்டு நர்ஸம்மா வெளியே வந்தாள். தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

“எதை எங்க வைக்கணும்னு நீ சொல்லு,” என்றாள் சின்னவள், ஒரு கல்லைக் கையில் ஏந்திக்கொண்டு.

“எனக்கு மீனைப் பத்தி என்னடி தெரியும்?”

“தெரியாட்டி பரவால்ல. சொல்லு.”

நர்ஸம்மா வாளியில் கிடந்த கற்களைப் பார்த்தாள். அப்புறம் அந்த நாற்காலியை எடுத்தாள். தண்ணீர் படாத இடமாகப் பார்த்து, ஜன்னலுக்குக் கீழே போட்டு, அதில் உட்கார்ந்தாள்.

சின்னவளின் தொண்டை வரை வந்தது அந்த வாக்கியம். அக்காவின் குரலிலேயே, இழுத்து, இனிமையாக வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

“அந்தப் பெரிய கல்லு வலது பக்கம்,” என்றாள் நர்ஸம்மா.

மறுநாளும் அந்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. மீன் இரண்டும் புதிய கற்களுக்கிடையே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சுற்றின. நர்ஸம்மாவின் பெட்டிகள் மூடியபடி வாசல் கதவோரம் நின்றன. அவற்றை உள்ளே எடுத்து வை, இங்கேயே இரு என்று சொல்லத்தான் சின்னவள் தினமும் வந்து நிற்கிறாள். வாயைத் திறந்தால் எந்த வாக்கியம் வரும் என்று தெரியாமல், அப்படியே நிற்கிறாள்.